ஹைட்ரஜன் காருக்குக் காத்திருக்கலாமா, பேட்டரி காரே வாங்கிவிடலாமா?

8 ஜூன் 2025, கருங்கல்லில் இருந்து வந்த கேள்வி

தினமும் கருங்கல்லில் இருந்து நாகர்கோவில், போக வர 60 கிலோமீட்டர் பக்கம். மாதம் ஒருமுறை அப்பாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். டீசல் கார் 11 வருஷப் பழசு. பேட்டரி கார் பார்க்கலாம் என்றால் மகன் தடுக்கிறான். ஹைட்ரஜன் கார் வரப்போகிறது, ஐந்து நிமிஷத்தில் நிரப்பலாம், புகைக்குப் பதில் தண்ணீர்தான் வரும், பேட்டரி எட்டு வருஷத்தில் குப்பை என்கிறான். காத்திருக்கவா?

8 ஜூன், இரவு 10.40

முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முப்பந்தலில் காற்றாலை பராமரிப்பில் 19 வருஷம். இரண்டு வருஷமாக ஓட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பேட்டரி கார், 30 யூனிட் பேட்டரி. ஆனாலும் மனசு ஹைட்ரஜன் பக்கம்தான் இருக்கிறது.

காரணம் எங்கள் வேலை. சீசனில் காற்று அறைந்து வீசுகிற நேரத்தில் கிரிட் தாங்காது, உற்பத்தியைக் குறை என்று மேலிருந்து சொல்வார்கள், ‘பேக் டவுன்’ என்போம். பழைய மெஷினை பிரேக் போட்டு நிறுத்துவோம், புதுசில் இறக்கையைக் காற்றுக்கு விலக்கித் திருப்பிவிடுவோம். ஒரு வருஷம் முழுக்க எந்தக் காற்றுக்காக நட்டும் போல்ட்டும் முறுக்கினோமோ அந்தக் காற்று சும்மா கடந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான விஷயம் இல்லை. அந்த மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டு ஹைட்ரஜனாகப் பிடித்து வைத்தால் என்ன என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இன்னொன்று, டவர் மேலே ஏறினால் மகேந்திரகிரி தெரியும், இஸ்ரோ ராக்கெட் இன்ஜின் சோதிக்கும் இடம். 2013 ஜூலையில் அங்கேதான் இஸ்ரோவும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து செய்த ஹைட்ரஜன் பஸ்ஸை ஓட்டிக் காட்டினார்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம் நடந்த விஷயம், இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி கணக்கு. 250 கிலோவாட் மெஷின் ஒன்று ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 250 யூனிட். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது, அப்படியானால் ஏழரை கிலோ கிடைக்கும். டொயோட்டாவின் ஹைட்ரஜன் கார் மிராய் 5.6 கிலோவில் 640 கிலோமீட்டர் போகும் என்பது அமெரிக்கச் சோதனைக் கணக்கு. ஏழரை கிலோவுக்கு 850 கிலோமீட்டர். அதே 250 யூனிட்டில் என் கார் 1,500 கிலோமீட்டர் ஓடும், பிளக்கில் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் வீதம். ஆக ஹைட்ரஜனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறது. ஐந்து நிமிஷத்தில் நிரப்பும் வசதிக்கு அந்த இழப்பு ஏற்கத் தகுந்ததுதான். அவசரத் தேவை இல்லையென்றால் காத்திருக்கலாம் அண்ணே.

9 ஜூன், காலை 6.15

மேலே எழுதியதில் பெரிய தப்பு. திருவட்டார் நண்பர் ராத்திரியே பிடித்துவிட்டார். 33 யூனிட் என்பது ஹைட்ரஜனுக்குள் இருக்கும் ஆற்றல், அதை உண்டாக்கச் செலவாகும் மின்சாரம் அல்ல. ரப்பர் பாலின் எடையை அப்படியே ஷீட்டின் எடையாக எழுதிவிட்டேன் என்றார், அவருக்குத் தோட்டம் உண்டு. அதேதான்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 முதல் 55 யூனிட் வேண்டும். பிறகு காற்றழுத்தத்தைப் போல 700 மடங்குக்கு அழுத்த வேண்டும், நிரப்பும்போது மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 60 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். 250 யூனிட்டில் நாலு கிலோவும் கொஞ்சமும். அதாவது ஏறக்குறைய 470 கிலோமீட்டர்.

1,500 ஒரு பக்கம், 470 ஒரு பக்கம். மூன்றில் ஒரு பங்கு கூட வரவில்லை. எங்கே போகிறது என்றால், தண்ணீரைப் பிரிக்கும் இடத்தில் ஒரு பகுதி சூடாகப் போகிறது, அழுத்துகிற இடத்தில் கொஞ்சம், பிறகு காருக்குள் எரிபொருள் கலம் அதை மறுபடி மின்சாரமாக்கும்போது ஏறக்குறைய பாதி. இது கம்பெனிக்காரனின் திறமைக் குறைவு இல்லை, மின்சாரத்தை வாயுவாக்கி வாயுவை மறுபடி மின்சாரமாக்கும் வேலையிலேயே இருக்கிறது.

ஆகவே "காத்திருக்கலாம்" என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் முழுதாக மறுபக்கம் தாவவும் இல்லை. யோசிக்க வேண்டும்.

11 ஜூன்

கருங்கல் அண்ணனின் மகனுக்கு ஒரு தகவல். ஹைட்ரஜன் காரும் உள்ளுக்குள் மின்சாரக் கார்தான். சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். மிராயில் சின்னதாக ஒரு லித்தியம் பேட்டரியும் உண்டு, ஒன்றேகால் யூனிட் அளவு, பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்தை வாங்கி வைக்க. அப்புறம் ஆயுள் விஷயம். அமெரிக்காவில் ஓடும் ஹைட்ரஜன் கார்களின் தொட்டிக்குக் காலாவதித் தேதி போட்டிருக்கிறார்கள், 15 வருஷம். அதற்குமேல் நிரப்பக் கூடாது. பேட்டரிக்கு இங்கே பல கம்பெனிகள் எட்டு வருஷ வாரண்டி தருகின்றன, எட்டு வருஷம் என்றால் எட்டாவது வருஷம் தூக்கிப்போட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. என்னுடையது 2021 வண்டி, 68,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, பேட்டரி குறைந்திருப்பது நூற்றுக்கு ஏழு.

15 ஜூன், ஞாயிறு

யோசிக்க வேண்டும் என்று சொன்னேன் இல்லையா. யோசித்தபோது ஞாபகம் வந்தது போன வருஷம் நடந்த ஒரு ராத்திரி.

மதுரையில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பினோம், நான், வீட்டுக்காரி, மைனி, இரண்டு பிள்ளைகள். நாலுவழிச் சாலையில் ஒரு ஹோட்டல் வாசலில் வேகச் சார்ஜர் இருப்பதாகச் செயலி பச்சை காட்டியது. அதை நம்பித்தான் வந்தோம். போய் நின்றால் திரை கருப்பு. பட்டனை அமுக்கினேன், அவர்கள் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டேன், காலையில் ஆள் வரும் என்றார்கள். மணி பதினொன்றரை. காரில் 9 சதவீதம். அடுத்த சார்ஜர் 40 கிலோமீட்டர். பிள்ளைகள் பின்சீட்டில் தூங்குகிறார்கள். கோபத்தில் கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு யாராவது டீசல் கார் தந்திருந்தால் மாற்றிக்கொண்டு போயிருப்பேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை திறந்திருந்தது. அண்ணாச்சி ஒருவர், அறுபது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கிரைண்டருக்குப் போட்டிருந்த 15 ஆம்பியர் பிளக்கைக் காட்டி, "இதில் மாட்டு தம்பி, பொழுது விடியறவரைக்கும் கடை உண்டு" என்றார். இரண்டு மணி நேரம் நின்றோம். ஆறரை யூனிட் ஏறியது, அது நாற்பது கிலோமீட்டருக்கு ஆகும். மைனி அவருடைய வீட்டுக்காரியோடு பேசி மரச்சீனிக் கிழங்கு வேகவைக்கும் பக்குவம் சொல்லிக் கொடுத்துவிட்டார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார் அண்ணாச்சி, சாயாவுக்கும் பன்னுக்கும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

இதுவரை இந்தக் கதையைப் பேட்டரி காருக்கு எதிராகத்தான் சொல்லிவந்தேன். இன்றைக்குத் திருப்பிப் பார்க்கிறேன். அன்று ஹைட்ரஜன் காரோடு நின்றிருந்து, பம்பு ஓடவில்லையென்றால் என்ன செய்திருப்பேன்? எந்த டீக்கடையிலும் 700 மடங்கு அழுத்தத்தில் வாயு கிடையாது. கலிபோர்னியாவில் இது நிஜமாகவே நடக்கிறது. ஒரு நிலையம் படுத்தால் அடுத்ததற்கு ஓட வேண்டும், அங்கே வரிசை. ஒரு காருக்கு ஐந்து நிமிஷம் என்பது உண்மைதான், ஆனால் வரிசையாக நாலைந்து கார் வந்தால் பம்பு மறுபடி அழுத்தம் ஏற்றவும் குளிரவும் நேரம் கேட்கிறது, நாசில் உறைந்து காரோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கு வைத்திருந்த ஹைட்ரஜன் நிலையங்களை எல்லாம் மூடிவிட்டது. விலையும் கிலோ 36 டாலர் வரை போனது, மிராய் ஒருமுறை நிரம்ப 200 டாலர். கார் வாங்கும்போது டொயோட்டா கொடுக்கும் 15,000 டாலர் எரிபொருள் அட்டை தீர்ந்ததும் வாங்கியவர்கள் தவித்துப்போனார்கள். நாம் எதற்குக் காத்திருக்கிறோம் என்று அந்த மாநிலத்தைப் பார்த்தாலே தெரியும்.

22 ஜூன்

குளச்சல்காரர் எழுதியிருப்பதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. அவர் சொல்வது: "உனக்கு முற்றம் இருக்கிறது, கார் நிறுத்தி ஒயர் போடுகிறாய். எங்கள் தெருவில் சுவரோடு சுவர், வாசலில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் இல்லை. கார் வைத்திருப்பவன் கோயில் மைதானத்தில் நிறுத்துகிறான். நாங்கள் எங்கே சார்ஜ் போட? எங்களுக்கு ஐந்து நிமிஷ ஹைட்ரஜன்தான் சரி."

ஹைட்ரஜனுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். வீட்டுச் சார்ஜர் இருப்பவன் மற்றவனுக்குப் புத்தி சொல்வது எளிது, நானும் அதைச் செய்திருக்கிறேன். குளச்சல், கடியப்பட்டணம், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் ஒரே மாதிரித் தெருக்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த மைதானத்துக்கு எது முதலில் வரும்? ஹைட்ரஜன் நிலையம் என்றால் அழுத்துகிற இயந்திரம், குளிரூட்டி, தொட்டிகள், அதைச் சுற்றி வீடுகளுக்குத் தள்ளி இடைவெளி, செலவு கோடிகளில். அதே மைதானத்தின் சுவரோரம் ஆறு 15 ஆம்பியர் பிளக், மேலே ஒரு தகரக் கூரை, ஒரு மீட்டர் என்றால் தேவாலயப் பங்கு மக்கள் சேர்ந்து ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். ராத்திரி நிறுத்தி வைக்கிற கார் ராத்திரி முழுக்கக் குடிக்கட்டும், மணிக்கு மூன்று யூனிட் வேகம் போதும். ஆட்டோக்காரர்களுக்குக் காரைவிட முதலில் பயன்படும்.

உப்புக்காற்று பற்றியும் கேட்டிருந்தார். கடலோரத்தில் சார்ஜர் முனையில் பச்சை பிடிக்கிறது, உண்மை. மூடி போட்டு வைக்க வேண்டும், காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஆனால் எரிபொருள் கலம் இன்னும் நொய்மையானது. அது காற்றில் இருந்து ஆக்சிஜனை உறிஞ்சித்தான் வேலை செய்கிறது, உள்ளே பிளாட்டினம், உப்பும் கந்தகமும் போனால் அதன் சக்தி குறையும். அதற்காகவே நல்ல வடிகட்டி வைக்கிறார்கள். பேட்டரி மூச்சு விடுவதில்லை, மூடிய பெட்டி.

28 ஜூன்

வெடிக்குமா வெடிக்குமா என்று நாலு பேர். 1937-ல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்த படத்தை ஒருவர் அனுப்பியிருக்கிறார். அதை வைத்து இன்றைய காரை எடைபோட முடியாது. இன்றைய தொட்டி கார்பன் இழை சுற்றியது, விபத்துச் சோதனைகளில் தாங்குகிறது. ஹைட்ரஜன் லேசானது, திறந்த வெளியில் கசிந்தால் மேலே போய்விடும். பயப்பட வேண்டியது மூடிய இடத்தில். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு இருந்தாலே பற்றும், 75 வரை பற்றும், சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. 2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு நிரப்பும் நிலையம் வெடித்தது, விசாரணையில் உயர் அழுத்தத் தொட்டியின் அடைப்பில் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் பிடித்து 19 வருஷம் போல்ட் முறுக்கும் எனக்கு அதைப் படித்தபோது வயிறு கலங்கியது. எத்தனை கோடி ரூபாய் இயந்திரமும் ஒரு ஆள் ஒரு நாள் சரியாக முறுக்குவதில்தான் நிற்கிறது.

பேட்டரியும் எரியும், மறைக்க வேண்டாம். எரிந்தால் அணைப்பது கஷ்டம். எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், நம் வெயிலுக்கு அதைப் பார்த்து வாங்குங்கள்.

6 ஜூலை

"உன் காருக்கு வரும் கரண்ட் தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரித்து வருவது" என்கிறார் ஒருவர். சரி, ராத்திரி அதுவும் கலந்துதான் வருகிறது, கூடங்குளமும் காற்றும் சேர்ந்து வருகிறது. ஆனால் அதே கலவை மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்து ஓட்டினால் அதே தூரத்துக்கு மூன்று மடங்கு நிலக்கரி. மின்சாரத்தில் செய்யாமல் இயற்கை எரிவாயுவில் செய்தால்? இன்று உலகத்தில் உண்டாகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும் பங்கு எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்துதான் வருகிறது. எரிவாயுவில் செய்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 10 கிலோ கரியமில வாயு. வால் குழாயில் தண்ணீர் சொட்டுவதைக் காட்டுகிறார்கள், புகை வேறு ஊரில் போகிறது.

20 ஜூலை, ஆடி 4

ஆடி பிறந்தாயிற்று, கேட்கவே வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் சாய்ந்துதான் போகிறார்கள். நேற்று திருநெல்வேலி போய் வந்தேன், ஒரு வழிக்கு 80 கிலோமீட்டர். போகும்போது காற்று முதுகில், 36 சதவீதம் செலவு. வரும்போது காற்று முகத்தில், அதே வேகம், அதே ஏசி, 49 சதவீதம். காற்று கூடுதலாக வாங்கியது 13 சதவீதம். பேட்டரி கார் வாங்குகிறவர்கள் கம்பெனி சொல்லும் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ஆடியில் காவல்கிணறில் இருந்து மேற்கே ஓட்டிப் பார்த்த ஒருவரைக் கேளுங்கள். டீசலிலும் இந்த இழப்பு உண்டு, பல பேர் முள்ளைப் பார்ப்பதில்லை அவ்வளவுதான்.

வழியில் எங்கள் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எந்தக் காற்று என் காரைப் பின்னால் தள்ளியதோ அதுவே ராத்திரி அதற்குள் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

27 ஜூலை

சென்னை ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயிலின் இன்ஜின் பெட்டியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஹரியானாவில் ஜிந்த்–சோனிபட் பாதைக்கு. மூன்று பேர் எனக்கு அனுப்பி "இப்போது என்ன சொல்கிறாய்" என்று கேட்டுவிட்டார்கள். சந்தோஷம்தான். ரயில் ஒரே பாதையில் ஓடும், ஒரே இடத்தில் நிரப்பினால் போதும், தொட்டி வைக்க இடம் நிறைய. காருக்கு இது மூன்றும் இல்லை. ஆனால் நம்முடைய நாகர்கோவில் பாதையில் ஏற்கெனவே மேலே மின்கம்பி இருக்கிறது, கம்பி இருக்கும் இடத்தில் அதைவிடச் சிக்கனம் எதுவும் இல்லை.

3 ஆகஸ்ட், ஆடி 18

ஒக்கி புயல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார் தக்கலை தம்பி. மறக்க முடியுமா. 2017 நவம்பர் 30. ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்து கிடந்தன, மின்கம்பங்கள் வரிசையாக ஒடிந்திருந்தன, எங்கள் ஊரில் கரண்ட் வர ஒன்பது நாள் ஆயிற்று. "அப்படி ஒரு நாள் வந்தால் உன் கார் வெறும் தகரப் பெட்டி" என்கிறார்.

பாதி சரி. அன்று பெட்ரோல் பங்கிலும் ஜெனரேட்டர் வைத்துத்தான் அடித்தார்கள், வரிசை சாலைவரை நின்றது. ஹைட்ரஜன் நிலையமும் அழுத்தவும் குளிர்விக்கவும் மின்சாரம் இல்லாமல் ஓடாது. ஆனால் புயலுக்கு முந்தின நாள் எச்சரிக்கை வந்ததும் முழுதாகச் சார்ஜ் போட்டு வைத்த கார் வீட்டுக்கு வெளிச்சம் தரும். அக்கா மகன் இந்த வருஷம் வாங்கிய காரில் வெளியே பிளக் எடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு பிரிட்ஜ், இரண்டு பேன், நாலு பல்பு, போன் சார்ஜ், எல்லாம் சேர்த்து நாளைக்கு நாலு யூனிட். 30 யூனிட்டில் ஒரு வாரம் தள்ளலாம். 2017-ல் அம்மாவின் இன்சுலினை ஈரத் துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினோம். அந்த ஒன்பது நாளை நினைக்கும்போது எனக்கு இந்த வசதி பெரிதாகப் படுகிறது. என் காரில் அது இல்லை, அடுத்த கார் அது இருப்பதாகத்தான்.

10 ஆகஸ்ட்

8 ஜூன் குறிப்பை மறுபடி படித்தேன். அதில் இன்னொரு பிழை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். வீணாகும் காற்று இலவசம், அதில் ஹைட்ரஜன் செய்தால் மலிவு என்று நினைத்திருந்தேன். மின்சாரம் இலவசம் ஆகலாம், தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம் இலவசம் இல்லை. எங்கள் காற்று மே முதல் செப்டம்பர் வரை, அதிலும் பேக் டவுன் வரும் மணி நேரங்கள் கொஞ்சம். அந்த மணி நேரங்களுக்காக மட்டும் கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கி மீதி மாதம் சும்மா போட்டால் அதன் வட்டியே ஹைட்ரஜன் விலையை ஏற்றிவிடும். மின்கம்பிப் பாதையை அகலப்படுத்தினால் எங்கள் காற்று சென்னைவரை போகும், பகலில் ஓரளவு கார்களும் குடிக்கும்.

அப்படியானால் ஹைட்ரஜன் வேண்டாமா? வேண்டும். இந்த இரண்டு மாத யோசனையில் நான் வந்து சேர்ந்த இடம் அதுதான், கார் அதற்கு இடம் இல்லை. யூரியா செய்ய அமோனியா வேண்டும், அமோனியாவுக்கு ஹைட்ரஜன் இல்லாமல் வழி இல்லை, அதற்குப் பதிலாகப் பேட்டரியை வைக்க முடியாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் வேண்டும், இரும்புக்கும் வேண்டும். தூத்துக்குடியில் உர ஆலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது வைத்த இலக்கு 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அது வந்தால் முதலில் அங்கே போகட்டும்.

12 ஆகஸ்ட்

தூத்தூரில் இருந்து ஒருவர், விசைப்படகு வைத்திருக்கிறார், ஒருமுறை போனால் முப்பது நாற்பது நாள் ஆழ்கடலில். "எங்கள் படகுக்குப் பேட்டரி ஆகுமா ஹைட்ரஜன் ஆகுமா, டீசல் எங்களைத் தின்கிறது."

அண்ணே, பேட்டரி ஆகாது, முப்பது நாள் டீசலுக்குப் பதில் பேட்டரி வைத்தால் மீன் வைக்க இடம் இருக்காது. ஹைட்ரஜனும் அப்படியே ஆகாது. எடையில் அது ராஜா, ஒரு கிலோவில் 33 யூனிட், டீசலில் 12 பக்கம். அதனால்தான் மகேந்திரகிரியில் ராக்கெட்டுக்குத் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரியில். ராக்கெட்டுக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். ஆனால் படகுக்கும் காருக்கும் இடம்தான் பாரம். 700 மடங்கு அழுத்தினாலும் ஒரு லிட்டர் ஹைட்ரஜனில் ஒன்றரை யூனிட்டுக்கும் கீழே, ஒரு லிட்டர் டீசலில் 10 யூனிட். ஏழு மடங்கு தொட்டி வேண்டும். மிராயில் 5 கிலோ சொச்சம் வாயுவைச் சுமக்கத் தொட்டியே 90 கிலோ பக்கம். ராக்கெட்டுக்கு ஆகிறது காருக்கு ஆகாதா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

கப்பல்காரர்கள் ஹைட்ரஜனை மெத்தனாலாகவோ அமோனியாவாகவோ மாற்றி ஊற்றும் வழியைப் பார்க்கிறார்கள், மெத்தனாலில் ஓடும் சரக்குக் கப்பல்கள் ஏற்கெனவே கடலில் இருக்கின்றன. உங்கள் அளவுப் படகுக்கு அது வர வேண்டும் என்பது என் ஆசை. காருக்கு ஹைட்ரஜன் தேடிச் செலவழிக்கும் மூளையும் பணமும் தூத்தூர், வள்ளவிளை படகுகளுக்குச் செலவாகட்டும். கரையோரம் காலையில் போய் மத்தியானம் திரும்பும் வள்ளத்துக்கு மட்டும் பேட்டரி இப்போதே யோசிக்கலாம்.

7 செப்டம்பர்

ஐந்தாம் தேதி தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் சோதனை அளவில் பசுமை ஹைட்ரஜன் ஆலை திறந்துவிட்டார்கள், 3.87 கோடி ரூபாய், மணிக்கு 10 கன மீட்டர். அதில் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்கும் ஒரு மின்வண்டிச் சார்ஜரும் ஓடுமாம். சின்ன ஆலை, பழக வேண்டிய தொழில், பழகட்டும். மகேந்திரகிரி பஸ் ஓடி 12 வருஷம் கழித்து நம் பக்கம் ஒரு குழாயில் ஹைட்ரஜன் வருகிறது என்பதில் எனக்கு நிஜமான மகிழ்ச்சி.

கருங்கல் அண்ணன் நேற்று போன் செய்தார். மகனும் அவரும் சேர்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு பேட்டரி காருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்களாம். அவருடைய கணக்கு: இரண்டு மாதத்தில் 3,000 கிலோமீட்டர், 500 யூனிட். வீட்டுச் செலவு ஏற்கெனவே 300 யூனிட். கவனிக்க வேண்டியது இதுதான், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் படி மாறிவிடும், கடைசி யூனிட்டுகள் விலை கூடுதலாக விழும். அப்படியும் பில் கூடுவது நாலாயிரம் ஐயாயிரம். டீசலில் அதே தூரத்துக்கு 200 லிட்டர், பதினெட்டாயிரத்துக்குக் குறையாது. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் தரும். அவர் வீட்டுக் கிழக்கே இரண்டு தென்னை நிழல் விழுகிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தென்னையை வெட்டாதீர்கள், பேனலைத் தள்ளி வையுங்கள்.

14 செப்டம்பர்

கார் வந்துவிட்டது. இன்று கருங்கல் போயிருந்தேன். எலக்ட்ரீஷியன் 15 ஆம்பியர் பிளக்கைப் பழைய ஒயரிலேயே போட்டிருந்தார், அரை மணி நேரத்தில் பிளக் கை வைக்க முடியாத சூடு. நிறுத்திவிட்டு மெயின் போர்டில் இருந்து தனியாக 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுக்கச் சொன்னேன், எர்த் குழியையும் புதுசாக எடுக்க வேண்டும், பழையது காய்ந்து கிடக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் கார் வருவதற்கு முன்னால் இதைச் செய்து முடியுங்கள்.

குளச்சல்காரருக்கு: பங்குப் பேரவையில் பேசினீர்களா? மைதானத்துக் கம்பத்தில் இருந்து சுவர் வரை எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள், ஒயர் அளவு சொல்கிறேன்.